முன்பு நோஞ்சான், பின்பு பயில்வான்

பழைய புத்தகக் கடையில் மருமகள் வாங்கி வந்த வார இதழின் பின்னட்டையில் மாமனார் நின்றார். ஒருவரல்ல, பனியன் போட்ட இரண்டு மாமனார்கள். இடது பக்கம் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்த, 'முன்பு: நோஞ்சான்'. வலது பக்கம் நெஞ்சை நிமிர்த்தி, 'பின்பு: பயில்வான்'. அடியில், 'மூன்றே புட்டியில்! படுத்தவர் எழுவார், எழுந்தவர் ஓடுவார்! போலிகளைக் கண்டு ஏமாறாதீர்!' என்று ஒரு டானிக் கம்பெனியின் முழக்கம்.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் போட்டோக்காரர், அது ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளராக இருந்த காலத்துப் படம். மருமகள் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வந்தவர்களிடமெல்லாம் அவர் டானிக்கின் மகிமையை அளந்தார். ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு நேராகப் படத்தருகே போனவள், அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இந்த நோஞ்சான் கையில இருக்கறது நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா உங்களுக்குப் போட்ட வாட்ச்தானே?"

அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"பயில்வான் கையில ஒண்ணையும் காணோமே?"

ஆக, பயில்வான்தான் கல்யாணத்துக்கு முந்தினவர். டைபாய்டு வந்தது என்று சொல்லிப் பார்த்தார். எந்த வருஷம் என்று கேட்டாள். ஸ்டூடியோவில் வேலை இடுப்பை முறித்தது என்றார். ஈ ஓட்டிக்கொண்டிருந்ததாக நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கினார். கல்யாணமான புதிதில் அவள் சமையலை வாயில் வைக்க முடியவில்லை. அரை வயிற்றோடு எழுந்து எழுந்து சட்டை தொளதொளத்துப் போயிற்று. ஸ்டூடியோ முதலாளிக்கு அதைப் பார்த்ததும்தான் யோசனை உதித்ததாம். பழைய படம் ஒன்று கைவசம் இருந்தது. புதிதாக ஒன்று எடுத்து, முன்பைப் பின்பாக்கிவிட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" குரல் இறங்கியிருந்தது.

"நீ ஆசையாப் பரிமாறுவ. எந்த வாயால சொல்றது?"

இரண்டு நாள் சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. அவர் பயத்தில் மூன்று முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். படத்தைக் கழற்றிவிடலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறியவரை அவள்தான் இறங்கச் சொன்னாள்.

அந்த வாரம் சம்பந்தியம்மாள் வந்தபோது, கையைப் பிடித்துப் படத்தருகே அழைத்துப் போனதும் அவளே.

"டானிக் அப்போ சக்கைப்போடு போட்டுச்சாம். இடது பக்கம் இருக்கறது என் கைவண்ணம்."

சொல்லிவிட்டு, இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று, பிடித்த கையை விடாமல் சமையலறைப் பக்கம் நடத்திப் போனாள்.