தையல்காரர் வீட்டு உயரம்

"பெட்டிய இறக்காதீங்க!"

மகள் போட்ட சத்தத்தில், ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்த நாலு பேரும் கூடத்து நடுவில் அப்படியே நின்றுவிட்டார்கள். போனவர் லேசான ஆள் இல்லை. முன்னால் பிடித்திருந்த சித்தப்பாவின் முகம் சிவந்தது.

"சீக்கிரம் சொல்லும்மா, தோள் கழண்டுடும்."

மகள் கையில் அப்பாவின் நோட்டு இருந்தது. அவர் நில அளவையாளர். ஓய்வு பெற்ற பிறகும் முக்காலிக் கருவியைச் சுமந்துகொண்டு, துறைமுகத்தில் கடல்மட்டம் குறித்த கல்லில் ஆரம்பித்துத் தெருத்தெருவாக உயரம் எடுத்தார். இந்தத் தெரு கடலைவிட இரண்டரை மீட்டர் உயரம் என்றது நகராட்சி வரைபடம். "வானத்துலேர்ந்து அளந்துட்டு, கூரையையும் மரத்தையும் தரைன்னு போட்டுட்டானுங்க. வெறும் தொண்ணூறு சென்டிமீட்டர்தான்யா!" என்று கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். தெரு அவருக்குத் 'தொண்ணூறு' என்றே பெயர் வைத்துவிட்டது. மகளும் காது கொடுத்ததில்லை. அவர் ஆரம்பித்தாலே அவளுக்கு அடுப்பில் ஏதாவது தீயும்.

காலையில் துக்கம் விசாரிக்க வந்த நகராட்சிப் பொறியாளர், "புயல் வருது, சாயங்காலம் கடல் ஒரு மீட்டர் இருபது ஏறுமாம். உங்களுக்கென்ன, ரெண்டரையில இருக்கீங்க" என்று அதற்கும் சேர்த்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். ஒன்று இருபதில் தொண்ணூறு போனால் தெருவில் முப்பது சென்டிமீட்டர் தண்ணீர். மகள் ஓடிப்போய் நாலு வீட்டுக் கதவைத் தட்டினாள். "அப்பா போன துக்கத்துல என்னென்னமோ பேசற, போய் உட்காரும்மா" என்று நாலு வீட்டிலும் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கோடி வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருந்தார். எதிர்வீட்டுக் கைக்குழந்தை தரையில்தான் தூங்கும்.

இப்போது வாசலில் தெருவே கூடி நிற்பதைப் பார்த்தாள். அப்பா சொன்னபோது கேட்காதவர்கள், அப்பா போனால் பின்னால் வருவார்கள்.

"தையல்காரர் வீட்டுக்குத் தூக்குங்க."

தன் ரோஜாச் செடியை மிதித்து அளவுகோலை ஊன்றினார் என்று தையல்காரர் அப்பாவோடு பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகிறது.

"அந்த ஆள் வீட்டுக்கா? உங்கப்பா எழுந்து திரும்பி நடந்து வந்துடுவாரே!" என்றாள் அம்மா.

"தெருவிலேயே அதுதாம்மா உசரம். எழுதியிருக்கார்."

அம்மா நோட்டை வாங்கவில்லை. "அவர் அளந்தாரா?"

"ஆமா."

"அப்ப போகலாம்."

கோடி வீட்டுப் பெரியவரை, கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க வேண்டாமா என்று கேட்டே நாற்காலியோடு தூக்க வைத்தாள் மகள். வராதவர் ஒருவரும் இல்லை. சாவுக்கு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். பின்னால் நின்ற தெருவைப் பார்த்தார்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் அப்பா இங்க இருக்கட்டும். வெள்ளம் வருது. உங்க வீடு ரெண்டு மீட்டர் பத்து."

"யார் சொன்னது?"

அவள் நோட்டை நீட்டினாள். 'தையல்காரன் வீடு: 2.10' என்று மூன்று வெவ்வேறு தேதிகளில் மூன்று தடவை எழுதியிருந்தது.

"என் வீட்டு உசரம் குறையும்னு மூணு தடவை அளந்திருக்கான்" என்றார் தையல்காரர். "ஒரு செடியோட விட்டானே." கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்தார். துணி வெட்டும் மேஜையை அவரே காலி செய்தார்.

நாலு மணிக்குத் தெருவில் தண்ணீர் வந்தது. முதலில் சாக்கடை வழியாக, பிறகு எல்லா வழியாகவும். தொண்ணூறின் கூடத்தில் நாற்காலிகள் மெல்ல இடம் மாறுவதைத் தையல்காரர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். அந்நேரம் பொறியாளர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை நனைந்து படியேறி வந்தார்.

"வரைபடத்துல ரெண்டரைன்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

அம்மா அவருக்கு ஒரு துண்டு கொடுத்தாள்.

மகள் கீழே வந்தபோது மேஜையருகே தையல்காரர் மட்டும் நின்றிருந்தார். போனவரின் சட்டைத் தோளை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா இவன் எவன்கிட்ட தைச்சான்? தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கு பாரு" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். நூல் மூன்று தடவை தவறியது.