மாலை போட்ட படம்

என் கணவர் யோசேப் இருபது வருடமாக டேனிஷ் படங்களில் செத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றில் கத்திக்குத்து, இன்னொன்றில் கடலில் பிணம். சாகாத படங்களில் டாக்ஸி ஓட்டுவார், வாய் திறக்க விடமாட்டார்கள்.

இந்த முறை தம்பியைப் பறிகொடுத்த கடைக்காரர் வேடம். பேசுவதற்கு ஒரு முழுக் காட்சி. "இந்தமுறை நான் சாகேல்லை, றோஸ்" என்று சொல்லிவிட்டுக் காலையில் கோப்பன்ஹேகனுக்குப் போனார்.

அல்பர்ட்ஸ்லுண்டில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மத்தியானச் சூப் பரிமாறும்போது எங்கள் ஊர்க்காரி மாக்கிரட்டின் செய்தி வந்தது. "அண்ணையின்ர ஆத்துமா சாந்தியடையட்டும்." கீழே யோசேப்பின் படம். மாலை போட்டு, முன்னால் மெழுகுதிரி. உயிரோடிருப்பவரின் படத்துக்கு எங்கள் ஆட்கள் மாலை போடுவார்களா?

அவருடைய ஃபோன் அணைந்திருந்தது. மாக்கிரட்டை அழைத்தேன். "ஆரோ எங்கட வாட்ஸ்அப் குறூப்பில போட்டவை, அக்கா" என்று அழுதாள்.

சீருடையோடு ரயிலேறினேன். தெரிந்த செபம்கூடப் பாதியில் மறந்துபோயிற்று. படப்பிடிப்பு நடக்கும் என்று அவர் சொல்லியிருந்த கடை வாசலில் ஒரு பெண் உதட்டில் விரல் வைத்து மறித்தாள். உள்ளே அவருடைய குரல் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். மாலை போட்ட தன் படத்துக்கு முன்னால் நின்று என் மனுசன் பேசிக்கொண்டிருந்தார். தொண்டைவரை ஒப்பாரி வந்துவிட்டது. சத்தம் போட்டால் அவருடைய காட்சி போய்விடும். சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு, பேசி முடியும்வரை நின்றேன். அவ்வளவு கோபமும் அவ்வளவு சந்தோஷமும் எனக்கு ஒன்றாக வந்ததேயில்லை.

முடிந்ததும் ஓடிவந்தார். "என்னப்பா, அழுகிறீர்?"

ஃபோனைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"கதையில செத்த தம்பியும் பாக்க என்னைப்போலதானாம், அதான் என்ர படம். வெறும் படமாய் வைச்சிருந்தவை. எங்கட ஆக்கள் பாத்தால் பிழை பிடிப்பினம் எண்டு நான்தான் மாலை போடச் சொன்னனான். கூட நடிக்க வந்த சுபாங்கன் அதைப் படமெடுத்துக் குறூப்பில போட்டிட்டான் போல."

"உங்களுக்கு மூளையிருக்கோ?"

அதற்குள் இயக்குநர் வந்தார். அருமையாம். கமெராவைக் கிட்ட வைத்து இன்னொரு தடவை எடுக்க வேண்டுமாம், அதில்தான் முகம் முழுதாகத் தெரியுமாம். யோசேப் என்னைப் பார்த்தார். இருபது வருடமாக அவர் காத்திருந்தது அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் தலையாட்டவில்லை.

அவர் திரும்பிப் போய், படத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் கையில் தந்தார்.

"ஒருக்கால் எடுத்தது காணும், இனி வேண்டாம்" என்று இயக்குநருக்கு டேனிஷில் சொன்னார்.