பஸ்ஸில் இறங்கிய வெள்ளம்

சேலத்தில் மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சேலத்துக்காரர்கள் மலைப்பக்கம் விரலை நீட்டுவார்கள். மலைக்காரர்கள் மேகத்தின் பக்கம் நீட்டுவார்கள். மேகத்துக்கு விரல் கிடையாது, ஆகவே விசாரணை வெகுகாலம் அங்கேயே நின்றிருந்தது. கடைசியில் நகரத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, சென்னையிலிருந்து ஓர் ஆலோசனைக் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். மலையில் விழுகிற மழை எந்த ஓடையில் இறங்குகிறது, எங்கே இளைப்பாறுகிறது, எவ்வளவு நேரத்தில் ஊருக்குள் நுழைகிறது என்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்மை மலை செய்து ஓட விட்டுக் காட்டுவது அவர்கள் வேலை.

கம்பெனி அனுப்பிய பெண்ணின் பெயர் தீபிகா. அவள் ஏற்காட்டுப் பாதையில் வண்டியை நிறுத்தி முதல் டீ குடித்தது கண்ணாயி கடையில்.

கடை ஒரு கொண்டை ஊசி வளைவில் இருக்கிறது. முன்னால் ரோடு, பின்னால் ஓடை. நாலு கால், ஒரு பெஞ்சு, மேலே தகரம். அந்தத் தகரம் ஒரு புயலன்றைக்கு ஏதோ எஸ்டேட் கூரையிலிருந்து கிளம்பி, மூன்று வளைவும் ஒழுங்காகத் திரும்பி வந்து, கண்ணாயி நட்டு வைத்திருந்த கால்கள் மேல் தானாக உட்கார்ந்தது என்று அவள் வீட்டுக்காரர் அம்மாசி சொல்வார். அம்மாசி சொல்வதில் பாதியை எடுத்துக்கொண்டு, அதிலும் பாதியைக் கழித்தால் உண்மை வரும் என்பது அவர்கள் ஊரான மாரமங்கலத்தின் கணக்கு. ஆனால் கடை உண்மை. மகளைப் படிக்க வைத்ததும், மகனுக்குக் கல்யாணம் செய்ததும், அம்மாசியின் வாய்க்குத் தினமும் பஜ்ஜி போட்டதும் அந்தக் கடைதான்.

தீபிகா பெஞ்சின் மேல் ஒரு பந்தை வைத்தாள். ஆரஞ்சு நிறம், தேங்காய் அளவு.

"இது என்ன கண்ணு, கொழந்தைக்கா?"

"இல்லக்கா. உள்ள ஒரு கருவி இருக்கு. காலையில மேல ஓடைல விடுவேன். தண்ணியோட வந்துக்கிட்டே, நான் இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு எனக்குத் தகவல் அனுப்பும். அடிவாரத்துல எங்க ஆள் ஜெப்சன் வலை வெச்சுப் பிடிச்சுக்குவாரு."

"நடுவுல எங்கியாச்சும் நின்னு போச்சுன்னா?"

"நிக்கட்டுமே. எங்க நிக்குதோ அந்த இடம் மேப்ல செவப்பா வந்துரும்."

கண்ணாயி டீ ஆற்றிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. சிவப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். மேல் வளைவில் சாந்தாமேரி பழக்கடை வைத்திருந்தாள். ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் காலையில் அந்தக் கடைக் காலில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். சாயங்காலம் ஜேசிபி வந்தது. வேலை முடிந்து ஜேசிபிக்காரர் கண்ணாயி கடையில் டீ குடித்து, "டீ நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டும் போனார். சாந்தாமேரி இப்போது கூடையில் பழம் வைத்து விற்கிறாள்.

போதாக்குறைக்கு, கடைக்குப் பின்னால் ஒரு மடு. பெரிய பாறையும் பலா வேரும் சேர்ந்து ஓடையை மறித்து, தண்ணீரைச் சுற்ற விட்டுத்தான் அனுப்பும். ஓடையில் எது வந்தாலும் அங்கே தங்காமல் போனதில்லை. தேங்காய் மட்டை, தேர்தல் கொடி, ஒரு மாப்பிள்ளையின் தலைப்பாகை எல்லாம் தங்கியிருக்கின்றன. அம்மாசி மேலே தொலைத்த ஒற்றைச் செருப்பு மறுநாள் இங்கே வந்து அவருக்காகக் காத்திருந்தது.

மறுநாள் காலை முதல் பந்து வந்தது. நேராக மடுவுக்குள் நுழைந்து, விருந்துக்கு வந்த மச்சான் மாதிரி சாவகாசமாகச் சுற்றத் தொடங்கியது.

கண்ணாயி கழியால் தள்ளினாள். ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. பாறையைத் தாண்டி வீசினாள். அதன் கீழேயும் ஒரு சுழி இருந்தது.

"ஏனுங்க, பாத்துக்கிட்டே நிக்கறீங்களே! கடை போவப் போவுது!"

"பந்துக்கு நம்ம ஊடு நொம்ப புடிச்சுப் போச்சு புள்ள. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அம்மாசி.

அந்த நேரத்தில் கீழே போகிற பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. டிரைவரும் கண்டக்டர் சத்யராஜும் தினமும் டீக்கு நிற்கிற இடம். கண்ணாயி பந்தைத் துடைத்து சத்யராஜ் கையில் வைத்தாள்.

"சாமி, இத அடிவாரத்துப் பாலத்துக்கிட்ட ஓடைல போட்டுரு. ஆரும் பாக்காத மாதிரி."

"டிக்கெட்டுங்க்கா?"

"பந்துக்கு எதுக்குடா டிக்கெட்டு?"

"மடியில வெச்சா வேண்டாம். சீட்டுல உக்காந்தா அரை டிக்கெட்டு. சட்டம் சட்டந்தானுங்க."

பந்து டிரைவர் பக்கத்தில், என்ஜின் மேல், சூடாக உட்கார்ந்து போனது. அடிவாரத்தில் சத்யராஜ் ஜன்னல் வழியாக அதை ஓடையில் விட்டார். சற்றுக் கீழே ஜெப்சன் வலையில் பிடித்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அதற்கப்புறம் தினமும் ஒரு பந்து. பந்து வருவதும் பஸ் வருவதும் ஏறக்குறைய ஒரே நேரம். பஸ் தாமதமானால், பந்து நின்றுவிடக் கூடாதே என்று அம்மாசி அதைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரமாகக் கீழ்நோக்கி நடப்பார். பஸ் வந்து அவரையும் ஏற்றிக்கொள்ளும். அவருக்கும் டிக்கெட் கிடையாது, பந்தின் துணைக்கு வருகிறவர் என்ற கணக்கில்.

பந்து ரோட்டில் போவது தீபிகாவுக்குத் தெரியாதா என்றால், மலையில் சிக்னல் அப்படி. பந்து பத்து வார்த்தை பேசினால் இரண்டுதான் போய்ச் சேரும். ரோடும் ஓடையும் பாதி வழி கைகோத்துக்கொண்டு இறங்குவதால், கம்ப்யூட்டரும் பெருந்தன்மையாக எல்லாப் புள்ளியையும் இழுத்து ஓடைக்குள் போட்டுக்கொண்டது.

ஒரு வாரம் போனது. தீபிகா மடிக்கணினியோடு கடைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அக்கா, இந்த ஓடையில ஏதோ விசேஷம் இருக்கு. மத்த ஓடையெல்லாம் சாதாரணமா ஓடுது. இது உங்க கடை வரைக்கும் சாதாரணமா வருது, அப்புறம் பறக்குது. திடீர்னு ஒரு வளைவுல ஒதுங்கி நிக்குது. யாரோ எதிர்ல வர்றாங்க, வழி விடணுங்கிற மாதிரி. மறுபடி பறக்குது."

மேலே ஏறுகிற லாரிக்கு இறங்குகிற பஸ் ஒதுங்கி வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. கண்ணாயி அடுப்பைக் கிளறினாள்.

"செக்போஸ்ட்கிட்ட கொஞ்ச நேரம் நிக்குது. அங்க ஓடையில வெறும் பாறைதான்."

"தண்ணிக்கும் சோதனை உண்டுங்க," என்றார் அம்மாசி. "உள்ளுக்குள்ள என்ன கொண்டுபோவுதுன்னு பாக்கோணுமில்லீங்க?"

"ஒரு நாள் உங்க கடைல இருந்து நடந்து போற வேகத்துல போயிருக்கு. நடுவுல ரெண்டு தடவ நின்னிருக்கு."

அம்மாசி காதில் சொருகியிருந்த பீடியை எடுத்து மடியில் மறைத்தார்.

"சென்னையில எங்க பெரிய சாருக்கு ஒரே சந்தோஷம். உலகத்துலயே இப்படி ஒரு ஓடை இல்லைங்கறாரு. இதுக்கு ஒரு பேரும் வெச்சுட்டாரு," என்ற தீபிகா டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரு சங்கடம் மட்டும் இருக்குக்கா. உங்க கடைக்குப் பின்னாடி தண்ணி நிக்கறதே இல்ல. வந்ததும் ஓடிருது. சேலத்துக்கு வெள்ளம் வேகமா வர்றதே இங்க இருந்துதான்னு கணக்கு வருது. அதனால இங்க ஒரு தடுப்பணை கட்டலாம்னு எழுதச் சொல்றாங்க. கட்டினா... கடை இருக்கிற இடம் போயிரும்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கண்ணாயி பார்க்கவில்லை.

"செவப்பு வந்தாத்தான் இடிப்பாங்கன்னு..." என்றாள், வாய்க்குள்ளேயே.

"செவப்பா? அய்யோ, இல்லக்கா. தண்ணி தானா நிக்கிற இடந்தான் செவப்பு. அது ஊரக் காப்பாத்துற இடம். அத யாரும் தொடக் கூடாதுன்னு எழுதுவோம். நிக்காத இடத்துலதான் ஏதாச்சும் கட்டணும்." அவள் எழுந்தாள். "நாளைக்குக் கடைசிப் பந்து. மேல இருந்து ஜெப்சனப் பந்த விடச் சொல்லிட்டு, நான் இங்கயே இருந்து இடத்த அளந்துக்கறேன்."

அவள் போனதும் கண்ணாயி பெஞ்சில் உட்கார்ந்தாள். கடையைக் காப்பாற்றுகிறேன் என்று தன் கையாலேயே அதை ஏழு தடவை பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். சொல்லிவிடலாம் என்றால், தூங்காமல் கணக்குப் போட்ட பிள்ளை என்ன சொல்வாளோ? கோபத்தில் அணையை இரண்டாகக் கட்டச் சொல்லிவிட்டால்?

"நாளைக்குப் பந்து வரும். தொடக் கூடாது," என்றாள் அம்மாசியிடம். "அது பாட்டுக்கு நிக்கட்டும். அந்தப் பொண்ணே கண்ணால பாத்துக்கும்."

"இதுதான் நான் மொத நாளே சொன்னது," என்றார் அம்மாசி. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தீபிகா ஓடைக்கரையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பந்து வந்தது. மடுவுக்குள் நுழைந்தது. கண்ணாயி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு மாரியாத்தாளைக் கும்பிட்டாள். பந்து ஒரு சுற்றுச் சுற்றியது. பாறையின் விளிம்பை எட்டிப் பார்த்தது. போகலாமா, இருக்கலாமா என்று யோசித்தது. பிறகு பலா வேரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"அக்கா!" என்றாள் தீபிகா. "இது நிக்குதே!"

கண்ணாயிக்கு உயிர் வந்த அதே நொடியில் ஹார்ன் கேட்டது. எல்லாருக்கும் சொல்லியிருந்தாள், ஒரு ஆளைத் தவிர. சத்யராஜ் விசிலை வாயில் கடித்தபடி இறங்கி, பழகின கால் பழகின வழியில் போக, நேராகக் கடைக்குப் பின்னால் வந்தார். குனிந்து பந்தை எடுத்தார். சட்டையில் துடைத்தார்.

"இன்னிக்கு ஜன்னல் சீட்டே காலியா இருக்குதுங்க்கா. உக்காத்தி வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அம்மாசி ஒரு பஜ்ஜியை எடுத்து முழுதாக வாயில் போட்டு, பேச முடியாத நிலைக்குத் தன்னைக் கொண்டுபோனார்.

தீபிகா பந்தைப் பார்த்தாள். சத்யராஜைப் பார்த்தாள். வாசலில் உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தாள்.

"அண்ணா, பஸ் கீழ போறப்ப எங்கெங்க நிக்கும்?"

சத்யராஜ் பெருமையாக ஒப்பித்தார். லாரி எதிரே வரும் வளைவு, செக்போஸ்ட், டிரைவர் மாமியார் மோர் கொடுக்கிற இடம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தீபிகா திரையில் ஓடை நின்றதாகக் காட்டிய ஒவ்வொரு புள்ளியாக விரலை வைத்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அந்த மோர் எடத்த எங்க சார் நிலத்தடிக் குகைன்னு எழுதியிருக்காரு," என்றாள். அப்புறம் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்து, "என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"செவப்புன்னு சொன்னியே சாமி. சாந்தாமேரி கடைய இந்தக் கண்ணால பாத்தேன். பயமாப் போச்சு." கண்ணாயி அந்தத் திரையை எட்டிப் பார்த்தாள். "உன்ற ஒழப்பெல்லாம் வீணாப் போச்சா?"

"நான்தான் சரியாச் சொல்லாமப் போயிட்டேன்." தீபிகா சத்யராஜிடமிருந்து பந்தை வாங்கி, தானே மடுவில் விட்டாள். "இன்னிக்கு இது எங்கயும் போகக் கூடாது. நானும் போக மாட்டேன்."

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். பஜ்ஜி தீர்ந்தது. பந்து அசையவில்லை. ஒரு மீன்கொத்தி அதன் மேல் உட்கார்ந்து மீனுக்குக் குறி பார்த்தது. மற்ற பந்துகளையும் மறுபடி விட்டார்கள். எல்லாம் வந்து மடுவில் சேர்ந்து, சொந்தக்காரர்கள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. தடுப்பணைத் தாளைத் தீபிகா கிழித்துப் போட்டாள். பெரிய சார் மட்டும் அந்தக் குகையை விட்டுத்தர மனமில்லாமல் இரண்டு நாள் போனை எடுக்கவில்லையாம்.

இப்போது நகரத்து மேப்பில் அந்த இடம் நல்ல சிவப்பில் இருக்கிறது, பக்கத்தில் கண்ணாயி மடு என்று பெயரோடு. கடையின் ஓடைப்பக்கத்துக் காலில் தண்ணீர் மட்டம் பார்க்கச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டைத் தண்ணீர் தொட்டால் கீழே போன் செய்ய வேண்டியது கண்ணாயி. அதற்காகவாவது கடை இருந்தாக வேண்டும் என்று எழுத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமையானால் அவள் அந்தக் கோட்டுக்குப் பொட்டு வைக்கிறாள். சிவப்பின் மேல் குங்குமம் எடுப்பாகத் தெரியவில்லை என்று மஞ்சள் வைக்கிறாள்.

ஐப்பசியில் பெரிய மழை வந்தது. மடு நிறைந்து, சுற்றி, கோட்டைத் தொட்டது. கண்ணாயி போன் செய்தாள். தண்ணீர் மெதுவாகத்தான் கீழே இறங்கியது, ஆட்கள் தயாராகக் காத்திருந்தார்கள், சேலத்துத் தெருவில் கணுக்கால் அளவுக்கு மேல் ஏறவில்லை. கண்ணாயி பாய்லரை மூட்டி, நனைந்து வந்தவர்களுக்கெல்லாம் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள்.

அன்றைக்கு வெள்ளம் இறங்கும்போது கீழ் வளைவில் ஒரு லாரி ஏறி வந்ததாகவும், அதைப் பார்த்து வெள்ளம் ஒதுங்கி நின்று வழி விட்டதாகவும் அம்மாசி சொல்கிறார். ஏழு தடவை பஸ்ஸில் போய்வந்த தண்ணீருக்கு அந்த விதிகூடவா தெரியாது என்று கேட்கிறார். இதில் பாதியை எடுத்துக்கொண்டு அதிலும் பாதியைக் கழிக்கலாம். ஆனால் லாரி டிரைவரும் அப்படித்தான் சொல்கிறார்.