ஐந்தடி அந்தி

அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவரைச் சுற்றி, நாலு பக்கமும் ஐந்தடி தூரத்துக்கு, நட்டநடுப் பகலில் அந்தி சாய்ந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. மேற்பார்வையாளர் பல்பை மாற்றிப் பார்த்தார். பிறகு தைக்கிறவரையே ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்தார். ஜன்னலும் இருட்டிக்கொண்டது. கடைசியில் ஒரு மேசை விளக்கைக் கொடுத்துவிட்டு, பசை விலை ஏறியதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நாவல். அதன் நாயகன் வேலைக்குப் போகமாட்டான், தலை வாரமாட்டான். ஜன்னலோரம் நின்று தத்துவம் படிப்பான், கேட்ட கேள்விக்குப் பெருமூச்சு விடுவான். பக்கத்துக்கு ஒருத்தி அவனுக்காக உருகினாள். நம்மவருக்கு நாற்பது வயது, சின்னத் தொப்பை, கடைவாயில் சொத்தைப் பல். ஆனால் ஆசைக்கு இதெல்லாம் தெரியுமா? அந்த நாவலைத் தைத்தது வேறு ஷிஃப்ட். இவர் கழிவுக் குவியலில் கிடந்த ஃபாரங்களை, அதாவது பதினாறு பதினாறு பக்கங்களாக மடித்த தாள்களை, பொறுக்கிச் சேர்த்துத் தைத்துக்கொண்டார். பன்னிரண்டு கிடைத்தன. அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தார். நாயகன் கடைசிவரை ஜன்னலோரம் நின்றபடியே இருப்பதில்தான் ஆழம் இருக்கிறது என்று சாப்பாட்டு வேளையில் மற்றவர்களுக்கு விளக்கமும் சொன்னார்.

தத்துவமும் அதே குவியலிலிருந்துதான் வந்தது. மை நிதானப்படும்வரை ஓடுகிற முதல் ஃபாரம்தான் அங்கே அதிகம் வீணாகும். ஆகவே பத்தொன்பது தத்துவ நூல்களில் முதல் பதினாறு பக்கங்களை மட்டும் கரைத்துக் குடித்தார். பத்தொன்பது பேரும் என்ன கேட்டார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். என்ன பதில் சொன்னார்கள் என்பது தெரியாது. பத்தொன்பதாவதை முடித்த அன்றுதான் அந்தி சாய்ந்தது.

அவர் மனைவி அதே அச்சகத்தில் ஃபாரம் மடிக்கிறவர்.

“என்னங்க, பால் வாங்கிட்டு வாங்க.”

“வாங்குறதுன்னா என்ன? என்னைக்காவது யோசிச்சியா?”

“யோசிச்சிட்டேன். அரை லிட்டர்.”

இருட்டால் வீட்டுக்கு நஷ்டமில்லை. பகலில் கண்ணே மூடாத அவர்களுடைய கைக்குழந்தை, அப்பா பக்கத்தில் போட்டதும் தூங்கிப்போனது. விஷயம் பரவி, அக்கம்பக்கத்துத் தாய்மார்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உலகத்தின் அர்த்தமின்மையை நினைத்து வாடிக்கொண்டிருப்பார். மடியில் ஒன்று, தோளுக்கு ஒன்று, பாயில் நாலு என்று பிள்ளைகள் குறட்டை விடும். தெரு அவருக்குச் ‘சாயங்காலம்’ என்று பேர் வைத்தது. தன் துயரம் எல்லோரையும் ஈர்ப்பதாக அவர் நம்பினார்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பதின்மூன்றாவது ஃபாரத்தை மடித்தவர் அவர்தான். அதில் நாயகன் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகிறான், திரும்பி வருவதே இல்லை. கழிவில் கிடந்த பதின்மூன்றாவது ஃபாரங்களை ஒன்றுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து போர்வைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. வாசல் கதவு சத்தம் போட்டால் போதும், தூக்கம் கலைந்துவிடும்.

குளிர் வந்த ஒரு காலையில் போர்வை எடுக்கப்போன கணவர் கையில் அந்தப் பதின்மூன்றாவது ஃபாரம் சிக்கியது. நின்றபடியே படித்தார். தலையைக் கலைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

நாவலில் நாயகன் போனதை ஒருவரும் பார்க்கவில்லை. இவர் போன வழியெல்லாம், காலை பத்து மணிக்கு, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன. “சாயங்காலம், எங்க கெளம்பிட்டீங்க? எங்க வீட்டுது இன்னும் தூங்கலையே!” என்று ஜன்னலுக்கு ஜன்னல் குரல் வந்தது. பேருந்தில் ஏறினார். ஐந்தடிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் நடத்துநர் மரியாதையாகவே இறக்கிவிட்டார். நடந்தே திரும்பி வந்தார்.

மனைவி அந்த ஃபாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இத ரெண்டாயிரம் தடவ மடிச்சிருக்கேன்,” என்றார். “அவன் போன ரயில் என்ன நிறம்னு இருக்கு. அவன் சட்டையில எத்தன பொத்தான்னு இருக்கு. அவன் பொண்டாட்டிக்குப் பேர்கூட வைக்கல. மறுநாள் அவ என்ன பண்ணா? நீங்கதான் அவ்வளவு படிச்சவராச்சே, சொல்லுங்க.”

பத்தொன்பது பேரையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். முதல் பதினாறு பக்கத்துக்குள் ஒருவரும் இதைக் கேட்டிருக்கவில்லை.

“தெரியல,” என்றார். பெருமூச்சு கலக்காமல் அவர் சொன்ன முதல் பதில் அது.

இருட்டு அதற்காகக் குறையவில்லை. மனைவி எழுந்து கதவைச் சாத்தினார். மகளைத் தூக்கி அவர் மடியில் போட்டார். பிறகு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தானும் அந்த ஐந்தடிக்குள் வந்து, அவர் தோளில் தலை சாய்த்து, வேலைக்கும் போகாமல் மாலை நாலு மணிவரை தூங்கினார். கை மரத்துப்போயும் அவர் அசையவில்லை.