ஓபோவுக்கு இரண்டு சுரங்கள்

நான் ஒரு ஒலியை இசைத்தாளில் எழுதிவிட்டால், அதை எழுப்பிய பொருள் அதன்பின் அதை எழுப்பாது. வாத்தியத்தில் மட்டுமே கேட்கும். என் முதல் படைப்பில் குக்கர் விசிலைப் புல்லாங்குழலுக்கு எழுதினேன். அன்றிலிருந்து என் மனைவி மேபல் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அடுப்பை அணைக்கிறாள். இரண்டாவதில் மின்விசிறியின் கடகடப்பு போனது. அதற்கு நன்றிகூடச் சொன்னாள். விமர்சகர்கள் பாராட்டினார்கள். அழைப்புமணி, கிரைண்டர், கேட்டின் கிறீச் என்று பதினொரு படைப்புகள் வந்தன. பாளையங்கோட்டையிலேயே அமைதியான வீடு எங்களுடையது.

பன்னிரண்டாவதற்கு ஒலியே அகப்படவில்லை. இசைக்குழுவை நடத்தும் தியோடர் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"சார், கடைசிப் பகுதியில ஓபோக்காரர் குழல மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காரு. நாளைக்குள்ள புதுசா ஒண்ணு வரலேன்னா கச்சேரிய ரத்து பண்ணிருவாங்க."

எனக்குப் பயமாகிவிட்டது. சுவரைத் தட்டினேன், காகிதத்தைக் கிழித்தேன். எல்லாம் முன்பே எழுதியவை, சத்தம் வரவில்லை.

"ஏங்க," என்று மேபல் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "தோசை ஆறிப்போவுது."

காதில் விழுவதைக் கை தானாக எழுதிவிடும். எழுதிய பிறகுதான் பார்த்தேன். இரண்டு சுரங்கள், இரண்டாவது சற்று இறங்கியது.

மறுநாள் காலை சமையலறை வாசலில் மேபல் வாயைத் திறந்து நின்றாள். மற்ற பேச்செல்லாம் வந்தது, அந்த "ஏங்க" மட்டும் வரவில்லை. என் மேசைக்கே வந்துவிட்டாள்.

"உங்களக் கூப்பிட எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

"பேரச் சொல்லிக் கூப்பிடேன்."

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சா? நல்லாவா இருக்கும்?"

அழித்தாலும் ஒலி திரும்பாது என்பது குக்கர் விஷயத்திலேயே தெரிந்ததுதான். ஆனாலும் அழித்துப் பார்த்தேன், மறுபடி எழுதி அனுப்பினேன். அதன்பின் அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. ஒரு மாதம் ஆறிய தோசையைத் தின்றேன்.

கச்சேரியில் நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். கடைசிப் பகுதியில் ஓபோ அந்த இரண்டு சுரங்களை வாசித்தது. "வந்துட்டேன்" என்று எழுந்துவிட்டேன். மேபல் என்னைப் பார்த்தாள். பிறகு ஓபோக்காரரை வெகுநேரம் பார்த்தாள்.

இப்போது அவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். மேபல் அவர் தோளைத் தட்டினால் வாசிக்கிறார், நான் போகிறேன். தெருவில் இன்னும் நாலு கணவர்களும் "வந்துட்டேன்" என்று வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் மேபல் மாவு அரைக்கிறாள். சூடாக எனக்குத்தான் முதலில் வைக்கிறாள்.