விளிம்பைப் பிடித்தவன்

அந்த அரை கிரௌன் வெள்ளிக் காசைப் போலி என்று சொன்ன அன்றே எங்கள் நாணயச் சங்கச் செயலாளரின் மூஞ்சியில் நான் காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். வேண்டிய நேரத்தில் மட்டும் அது எங்கே போய்த் தொலைகிறதோ தெரியவில்லை.

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், இருபத்தாறு வருடமாக. பழைய பிரிட்டிஷ் வெள்ளிக் காசுகள் என் பைத்தியம். என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். செத்துப்போன ராஜாக்களோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று கேலி செய்வார். என்னை மகாராணி என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு அதுவே என் பெயராகிவிட்டது. அவருக்கு எதிலும் ஒரு கேலி வேண்டும், சாவு வீட்டில்கூட வாயை அடக்கத் தெரியாது.

அந்தக் காசு எனக்குப் பழைய வெள்ளியை உருக்குகிற கடையில், உடைந்த கரண்டிகளுக்கு நடுவே கிடைத்தது. கடைக்காரன் எடை போட்டு வெள்ளி விலைக்குக் கொடுத்தான். ஒரு பக்கம் ஏழாம் எட்வர்டின் தாடி வைத்த தலை, மறுபக்கம் கேடயம், அதன் கீழே 1905. ஆண்டைப் பார்த்ததும் காசைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். அந்த ராஜாவின் அரை கிரௌன்களில் அந்த வருடத்தியதுதான் அரிது. அரிது என்பதாலேயே போலிகளும் எக்கச்சக்கம். வேறு வருடத்துக் காசை எடுத்துக் கடைசி எண்ணை மட்டும் செதுக்கி மாற்றிவிடுவார்கள், இல்லையென்றால் முழுசாகவே அச்சில் வார்த்துவிடுவார்கள். அதனால்தான் எங்கள் நாணயச் சங்கத்துச் செயலாளரிடம் கொண்டுபோனேன். பத்து நிமிடம் லென்ஸில் பார்த்தார். ஐந்தைச் செதுக்கியிருக்கிறார்கள், பாவம் ஏமாந்துவிட்டீர்கள் என்றார். தன்னிடம் போலிகளுக்கென்றே ஒரு டப்பா இருக்கிறது, ஒரு சின்னத் தொகை தருகிறேன், விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

அந்தச் சின்னத் தொகைதான் எனக்கு உறுத்தியது. போலிக்கு எதற்கு ஐயா காசு? ரயில் ஏறி வேறொரு நகரத்துக்குப் போனேன், ஏலம் விடுகிற ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டினேன். அசல் என்றார். அவர் சொன்ன விலைக்கு ஒரு சின்னக் கார் வாங்கலாம். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடுத்த கூட்டத்தில் பதினேழு பேர் முன்னால் எழுந்து நின்று, காசு அசல்தான், செயலாளர் தன் மூக்குக்கண்ணாடியை மாற்றினால் நல்லது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தண்ணீர் மீட்டர் பார்க்க வேண்டும் என்று ஒருவன் கதவைத் தட்டினான். என் கணவர் திறந்தார். திறந்த கையோடு மூக்கில் ஒரு குத்து விழுந்தது. நான் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் அவர் தரையில் கிடந்தார். மேலே ஒரு தடியன் உட்கார்ந்திருந்தான், வாயை மறைத்துக் கைக்குட்டை கட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டான். அவன் தலையில் கண்கள் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லா, கையில் ரப்பர் கையுறை. குல்லா தலையில் இருந்தவரை அவன் வாயையே திறக்கவில்லை.

தடியன்தான் பேசினான். "சத்தம் வந்துச்சு, இவரு காலி. 1905-ன்னு ஒரு வெள்ளிக்காசு இருக்காம். அத மட்டும் குடு, போயிடுறோம்."

பீரோவில் நகை இருந்தது, மேஜைமேல் இரண்டு போன் இருந்தது. அவன் கேட்டது ஒரே ஒரு காசு. அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. வங்கி லாக்கரில் இருக்கிறது என்றேன். பொய் தானாக வந்தது, சரளமாக வந்தது. தடியன் என் கணவரின் இடது கையை இழுத்து, விரல்களைக் குளியலறைக் கதவின் இடுக்கில் வைத்துக் கதவை ஓங்கிச் சாத்தினான். எலும்பு ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அலறுவதற்குள் உள்ளே தொங்கிய சோப்பு தேய்க்கிற துணியை அவர் வாயில் திணித்தான்.

இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது இதுதான்: விரல் கூடிவிடும், காசு போனால் போனதுதான்.

அதனால் இரண்டாவது பொய்யும் சொன்னேன். சரி, தந்துவிடுகிறேன் என்று பீரோவைத் திறந்து, தட்டிலிருந்து 1906-ம் வருடத்து அரை கிரௌனை எடுத்துக் கொடுத்தேன். அதே ராஜா, அதே கேடயம், கிட்டத்தட்ட அதே தேய்மானம். கூலிக்கு வந்தவன் கண்ணில் மண்ணைத் தூவிவிடலாம் என்று நினைத்தேன். தடியன் அதை வாங்கிக் குல்லாக்காரனிடம் நீட்டினான். குல்லாக்காரன் ஒரு பார்வைதான் பார்த்தான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

தடியன் என்னை அறைந்த அறையில் பீரோக் கதவில் மோதினேன், ஒரு பல் உடைந்து நாக்கில் வந்தது. பிறகு என் கணவரின் வேலைப் பையைக் கவிழ்த்து, அதிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தான். முழங்காலில் ஒரு அடி. வாயில் ஒரு அடி. அவர் துப்பியதில் துணியோடு பற்களும் வந்தன. "குடுத்துடு மகாராணி" என்றார். பல்லில்லாமல் அது வேறு என்னமோ மாதிரி ஒலித்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. சின்ன அறைக்குப் போய், தையல் மெஷினின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து காகித உறையை எடுத்து வந்து கொடுத்தேன்.

குல்லாக்காரன் உறையை வாங்கினான். உடனே பிரித்துவிடவில்லை. நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்து, நான்காக மடித்து, ஜன்னலோர மேஜையில் விரித்தான். வலது கையுறையைக் கழற்றினான். உறையைச் சாய்த்துக் காசைத் துண்டின்மேல் சரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே அதன் விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கி, துண்டைவிட்டு நாலு அங்குலத்துக்கு மேல் போகாமல், வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தான்.

திருட வந்தவன் காசை அப்படிப் பிடிக்க மாட்டான். காசின் முகத்தில் விரல் பட்டால் வியர்வைக் கறை விழும், கைதவறினால் அடிபடும் என்று பயந்து பயந்து பிடிப்பவர்கள் நாங்கள்தான். தூங்கி எழுந்து கேட்டாலும் எங்கள் கை அப்படித்தான் போகும். எங்கள் சங்கத்தில் அந்தக் காசைக் கையில் வாங்கிப் பார்த்தவன் ஒரே ஒருவன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியக் கூடாது, எடுத்துக்கொண்டு போய்த் தொலையட்டும், இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போதும். சத்தியமாக அப்போது அவ்வளவுதான் நினைத்தேன்.

என் கணவர் தரையில் கிடந்தபடி சிரித்தார். அந்தக் கிழிந்த வாயோடு சிரித்தார்.

"மகாராணி, பாரேன். உன்ன மாதிரியே புடிக்கிறான்."

பாவி மனுஷன். எனக்குத் தெரிந்த உண்மை அவருக்குத் தெரியாது. பதினெட்டு வருடமாக மேஜையில் நான் காசு பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து, கண்ணில் பட்டதைக் கேலியாகச் சொன்னார், அவ்வளவுதான். குல்லாக்காரனின் கை நின்றது. அவன் என்னைப் பார்த்தான், நான் நிமிர்ந்துவிட்டேன். அந்த ஒரு விநாடியில் இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்துபோனது. காசைத் துண்டின்மேல் மெதுவாக வைத்துவிட்டுக் குல்லாவைக் கழற்றினார் செயலாளர். இனி மறைக்க என்ன இருக்கிறது என்பது போல நெற்றி வியர்வையை அதிலேயே துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரையும் முடிச்சிடு" என்றார் தடியனிடம்.

அது பேச்சில் இல்லையே என்றான் தடியன். அடிப்பதற்குத்தான் வந்தேன், கொலைக்கு வேறு ஆள் பார் என்றான். செயலாளர் அவனோடு வாதாடவில்லை. அவன் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கி, மீட்டிங்கில் அறிக்கை வாசிக்கிற அதே சாந்தமான முகத்தோடு, என் கணவரின் நெற்றிப்பொட்டில் அடித்தார். அவர் மல்லாந்து கிடந்தார். தொண்டையில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி மூச்சு வந்துகொண்டிருந்தது. மூச்சு இருக்கிறது, உயிர் இருக்கிறது என்று நினைத்தேன். ஸ்பேனர் என் பக்கம் திரும்பியது.

நான் செயலாளரிடம் கெஞ்சவில்லை. தடியனைப் பார்த்தேன்.

"இதுக்கு உனக்கு எவ்வளவு தரேன்னான்? இந்தக் காச வித்தா ஒரு கார் வாங்கலாம்."

தடியனின் முகம் மாறியது. அவனுக்குச் சொல்லியிருந்த கூலி ஒரு சைக்கிளுக்குக்கூடக் காணாது என்று பிறகு தெரிந்தது. அவன் எனக்கும் செயலாளருக்கும் நடுவில் வந்து நின்றான். செயலாளர், அவள் புளுகுகிறாள், அது போலி, நானே பார்த்துச் சொன்னேன் என்றார்.

போலி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் அப்போதுதானா வர வேண்டும்? மேஜைக்குப் போனேன். துண்டின்மேல் இருந்த காசை, என் வழக்கப்படி, விளிம்பில் பிடித்துத் தூக்கினேன். பார் என்றேன் தடியனிடம், செதுக்கி மாற்றிய எண்ணாக இருந்தால் அதைச் சுற்றிக் காசின் பரப்பு சுரண்டியிருக்கும், இந்த ஐந்தைச் சுற்றிப் பார், வழவழவென்று இருக்கிறது. வார்த்த காசாக இருந்தால் ஊசி குத்தின மாதிரி பொடிப்பொடியாகத் துளை இருக்கும், இதில் ஒன்று காட்டு. விளிம்பில் இருக்கிற கோடுகளைப் பார், கடைசிவரை கூர்மையாக, ஒரே சீராக ஓடுகிறது. புதுசில் பதினாலு கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், தேய்ந்தது போகப் பதினாலுக்கு ஒரு மயிரிழை குறைவு, எங்கள் கடைத் தராசில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். தாடி மயிர் தனித்தனியாகத் தெரிகிறது பார், விலை ஏறுவதே அதில்தான். ஏலத்தில் ஆரம்ப விலை என்ன, எதுவரை போகும் என்றெல்லாம் சொன்னேன். செயலாளர் குறுக்கே பேசப் பேச, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பதினேழு பேர் முன்னால் பேசினபோதுகூட நான் அவ்வளவு நன்றாகப் பேசவில்லை.

கடைசியில் தடியன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "போலிக்காடா ரெண்டு பேரைக் கொல்லச் சொன்ன?"

செயலாளர் ஸ்பேனரை ஓங்கினார். தடியன் அந்தக் கையைப் பிடித்து மேஜை முனையில் வைத்து மடக்கினான், முழங்கை எதிர்ப்பக்கமாகப் போனது. கீழே விழுந்தவரின் முகத்தில் பூட்ஸ் காலால் மிதித்தான். ஒருமுறை இல்லை, அவர் கத்துவது நிற்கும்வரை மிதித்தான். ஒரு கண் அன்றைக்கே போய்விட்டது. எனக்குப் பாவமாக இல்லை. இன்னும் இரண்டு மிதி மிதித்தால் தேவலை என்று இருந்தது. மேல்வீட்டுக்காரர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்ததும் தடியன் என் விரலிடுக்கிலிருந்து காசைப் பறித்து, சாவிக்கொத்து கிடக்கும் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினான். ஐயோ, கீறல் விழுமே என்று நினைத்தேன். ஆமாம், அதைத்தான் நினைத்தேன்.

அதன் பிறகுதான் என் கணவரின் பக்கம் திரும்பினேன். கொப்பளிக்கிற சத்தம் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி நடைவழியில் டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். தலையில் பட்ட அடி உயிரைக் குடிக்கிற அடி இல்லையாம். வாயில் வந்த ரத்தம் மூச்சுக்குழாயில் இறங்கி அடைத்துவிட்டதாம். நான் மருந்துக்கடைக்காரி, அவர் சொல்லாமல் விட்டதும் எனக்குப் புரிந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தால் போதும். தோளைப் பிடித்து ஒரு தள்ளு. கார் வாங்கலாம் என்று நான் சொன்ன அந்த இடத்திலேயே தடியன் எங்களுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டான், செயலாளர் என்னைத் தொட்டிருக்க முடியாது. அதற்கப்புறம் நான் சொன்ன ஒரு வார்த்தைகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை. ஐந்தைச் சுற்றியிருக்கிற பரப்பு, விளிம்புக் கோடு, தாடி மயிர், எல்லாம் என் வீம்புக்காகச் சொன்னது. அவர் எனக்கு நாலடி தூரத்தில் கிடந்தார்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுத வந்தார். தன்மையான மனிதர். தடியனின் உயரம் கேட்டார், காசின் மதிப்பு கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, நேரக்கணக்குக்காகத்தான் கேட்கிறேன் என்று தயங்கிச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"பக்கத்துலதானேம்மா இருந்தீங்க, அவருக்கு மூச்சு எப்ப நின்னுச்சு?"

"தெரியலைங்க. நான் காசப் பாத்துட்டிருந்தேன்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்.