கிளீட்டஸ் விற்ற மூச்சு

கட்லர் ஃபோர்க் என்ற சுரங்க ஊரில் மூச்சின் விலை ஒரு நாளைக்கு ஒரு சென்ட். 1979 மார்ச் மூன்றாம் தேதி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆர்வில் ஸ்டில்ட்னரின் சமையலறையில் இந்த விலை தெரியவந்தது. அன்றிலிருந்து ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் வேறு எந்தச் சரக்குக்கும் இப்படிச் சொல்ல முடியாது.

ஆர்வில் டோக்கன் சேர்ப்பவர். நிலக்கரிக் கம்பெனி சம்பளக் காசுக்குப் பதிலாகக் கொடுத்துவந்த பித்தளை வில்லைகள் அவை. நடுவில் கம்பெனியின் முதலெழுத்து ஓட்டையாக வெட்டப்பட்டிருக்கும், பின்புறம் ‘பிறருக்கு மாற்றத்தக்கதல்ல’ என்று பொறித்திருக்கும். கம்பெனிக் கடையைத் தவிர எங்கும் செல்லாது. ஆர்விலின் அப்பா ஹோபர்ட்டின் சாராயக்கடையில் மட்டும் செல்லும், அங்கே ஒரு டாலர் டோக்கனுக்கு எழுபது சென்ட் ரொக்கம். வாங்கியவன் அந்த எழுபதையும் அங்கேயே குடித்துவிட்டுப் போவான். அவற்றைக் கொடுத்துச் சாமான் வாங்கப் போனால் கம்பெனிக் கடைக் குமாஸ்தா யார் டோக்கன் என்று கேட்பானே என்பதற்காக ஹோபர்ட் ஆளுக்கொரு சுருட்டுப்பெட்டி வைத்துப் பெயர் எழுதியிருந்தார். 1951-இல் கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டியதும் பெட்டிகளைப் பழைய உலோகக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டார். தப்பியது ஒன்றே ஒன்று. அதன்மேல் ‘கிளீட்டஸ் லாசன்’ என்றிருந்தது. உள்ளே பதினெட்டு டாலர் நாற்பது சென்ட். அவற்றைத்தான் ஆர்வில் வெல்வெட் பலகையில் குழி குழியாகப் பதித்து வைத்திருந்தார்.

கிளீட்டஸ், ஆர்விலின் மனைவி டிரீமாவுக்கு அண்ணன். முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் இருந்து நெஞ்சு நிறையக் கரித்தூளை வாங்கி வந்தவர். தங்கை வீட்டு முன்னறையில் ஆக்ஸிஜன் உருளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூச்சு கிடைக்கும்போதெல்லாம் அதை மச்சானைக் கிண்டல் செய்வதற்கே செலவழிப்பார். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான்.

“ஏன் மச்சான், உங்கப்பன் என்னை ஏமாத்தி வாங்குன தகரத்துக்கா வெல்வெட் மெத்தை? எனக்கு ஒரு போர்வைக்கு வழியில்ல.”

“தகரமில்ல, பித்தளை.”

“பொய்,” என்று கிளீட்டஸ் ஓர் ஐந்து சென்ட்டை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். அது புதினா மிட்டாய்போலக் கரைந்து உள்ளே போயிற்று. ஒரு நிமிஷம் கழித்து உருளையின் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுக் கொல்லைப்புற மேட்டில் ஏறி, ஏன் யாரும் இன்னும் உருளைக்கிழங்கு நடவில்லை என்று அங்கிருந்தே கத்தினார். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு உதடு நீலமாகிச் சரிந்தார். கம்பெனி அவரிடம் மூச்சை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்திருந்தது, டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால் மூச்சு திரும்பி வருகிறது, அவ்வளவுதான். இதில் விளங்காதது எதுவும் இருப்பதாக ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. மற்ற கிழவர்களும் வந்து ஆளுக்கொன்று கடித்துப் பார்த்தார்கள். இருவருக்குப் பல் போனது. பின்புறம் பொறித்திருந்தது சும்மா இல்லை என்று தெரிந்துகொண்டு, தங்கள் பெட்டிகள் போன திசையைப் பார்த்தபடி இறங்கிப் போனார்கள்.

அதன்பின் ஆர்வில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வெல்வெட் பலகையில் குழிகள் காலியாகிக்கொண்டே வந்தன. தேய்ந்தவை முதலில் போயின, அப்புறம் நல்லவை, அப்புறம் கைபடாத இருபத்தைந்து சென்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் பல் பிடுங்கியதுபோல ஆகும். கிளீட்டஸ் அந்த மூச்சில் கூரை வேய்ந்தார், மீன் பிடித்தார், தேவாலயத்தில் சுருதி தப்பிப் பாடினார். கடைசியில் ஒரு டாலர் வில்லை ஒன்றுதான் மிச்சம். கட்லர் ஃபோர்க் கம்பெனியின் ஒரு டாலர் உலகத்திலேயே வேறெங்கும் இல்லை.

1983 டிசம்பர் ஏழாம் தேதி மதியம், சார்ல்ஸ்டனிலிருந்து டோக்கன் வியாபாரி லோவெல் பிரூயிட் வந்தார். மேசைமேல் ஆறாயிரம் டாலரை அடுக்கினார். எதிரே கிளீட்டஸ். சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பது. ஆர்விலின் கை அந்த ஒரு டாலர் வில்லையை மூடியிருந்தது.

“ஏழாயிரம்,” என்றார் பிரூயிட்.

டிரீமா அடுப்பில் கொதித்த பீன்ஸைக் கிளறுவதை நிறுத்தினாள். புருஷனைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

“உருளை இருக்குல்ல டிரீமா,” என்றார் ஆர்வில்.

“அஞ்சு வருஷம் முன்னாடியே அது போதலை. இப்ப எதுக்கு ஆகும்?”

நான்கு அடித்தது. கிளீட்டஸின் தோள் மேலேறி அங்கேயே நின்றது. அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. “நான் வித்தது வித்ததுதான் மச்சான். உங்கப்பன் காசு குடுத்தான்... நான் குடிச்சேன். கெஞ்ச மாட்டேன்.”

“எட்டாயிரம். ஒன்பது!” பிரூயிட்டுக்கு வியர்த்தது. “ஸ்டில்ட்னர், உலகத்துல ஒண்ணே ஒண்ணுய்யா அது!”

“வாங்கி என்ன பண்ணுவீங்க?”

“பேங்க் லாக்கர்ல வைப்பேன். ஒரு பய தொட முடியாது.”

கிளீட்டஸின் நகங்கள் கறுத்தன. தலை மேசையில் சாய்ந்தது. ஆர்வில் பணத்தைப் பார்த்தார், கையைத் திறந்து டாலரைப் பார்த்தார், அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு மச்சானின் தாடையைப் பிடித்துத் திறந்தார். “விழுங்கித் தொலை, கழுதை.”

“நிறுத்து!” என்று பிரூயிட் அலறினார். “ஒரு போட்டோவாவது எடுத்துக்கறேன்!”

எடுத்தார். உலகத்தில் அந்த டாலருக்கு இருக்கும் ஒரே படம், ஒரு நீல நாக்கின்மேல் இருப்பதுதான்.

கிளீட்டஸ் இருமி நிமிர்ந்து, முதல் மூச்சிலேயே, “ஒன்பதாயிரமா? மடையா, குடுத்திருக்கலாமே,” என்றார். ஆர்வில் பின்வாசலில் போய் நின்றார். டிரீமா அவருக்கு முதல் தட்டைப் போட்டு வைத்தாள்.

அடுத்த மார்ச் ஒன்பதாம் தேதி மதியம், அந்த டாலரின் நூறு நாளில் தொண்ணூற்று மூன்றாம் நாள், கிளீட்டஸ் நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்தார். மூச்சில் குறையில்லை, இதயம்தான் நின்றது, அது இந்த வியாபாரத்தில் சேர்ந்ததில்லை என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்துவிட்டு வந்து பார்த்தால், காலி நாற்காலியின் திண்டு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டிரீமா அதன்மேல் போர்வை போர்த்தினாள். விசாரிக்க வந்தவர்கள் அந்த நாற்காலியைத் தவிர்த்து மற்றவற்றில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போர்வை ஒருமுறை நன்றாக உயர்ந்து, தாழ்ந்து, நின்றது. ஆர்வில் கணக்கு நோட்டை எடுத்து எழுதினார்: பதினெட்டு டாலர் நாற்பது சென்ட். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது நாள். பாக்கி இல்லை.